பள்ளிக் கொடி முன்னே செல்லும் திருவிழா

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஊர்வலத்தின் முன்னே எது செல்கிறது என்று பார்த்தாலே அவ்வூரார் எதைப் பெரிதாக மதிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். சில ஊர்களில் மேளமும் குடையும் முன்னே செல்லும். சில ஊர்களில் பரிவட்டம் கட்டிய பெரியதனக்காரர் முன்னே செல்வார். முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கில் தேர் நிலையைவிட்டு நகராமலே நின்ற ஊர்களும் உண்டு. தேசங்களின் விழாக்களும் இவ்வாறே. பல ராஜ்யங்களின் தேசிய தினத்தில் பட்டாளமும் பீரங்கியும் முன்னே செல்வது வழக்கம். ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வே தேசத்திலோ, வருஷந்தோறும் மே மாதம் 17-ந் தேதி நடைபெறும் தேசிய விழாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே பிரதானம்.

அன்று காலையில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தத்தம் பள்ளியின் பெயர் பொறித்த கொடியின்கீழ்க் கூடுகின்றனர். உபாத்தியாயர்கள் உடன் வர, வாத்தியம் முழங்க, கையில் சிறு கொடி ஏந்தித் தெருவெல்லாம் நடந்து செல்கின்றனர். பெற்றோர் இருமருங்கிலும் நின்று ஆரவாரிக்கின்றனர். தலைநகரமாகிய ஆஸ்லோவில் இவ்வூர்வலம் அரண்மனையின் முன்னால் செல்லும்போது அரச குடும்பத்தார் மேன்மாடத்தில் நின்று பிள்ளைகளை நோக்கிக் கையசைப்பது 1906-ம் வருஷம் முதல் வழக்கமாயிருக்கிறது. பிள்ளைகள் மன்னரை வணங்கி நிற்பதல்ல, மன்னர் நின்றுகொண்டிருக்கப் பிள்ளைகள் நடந்து போவதே அங்குள்ள காட்சி. சிறு கிராமங்களிலும் இவ்வூர்வலம் உண்டு. அது முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டும் தின்பண்டமும் நடைபெறும்.

இது பணக்காரத் தேசத்தின் வேடிக்கை என்று எண்ணிவிடலாகாது. நார்வே நெடுங்காலம் வறிய நாடாகவே இருந்தது. மலையும் பாறையும் போக, உழுது பயிரிடத் தகுந்த நிலம் நூற்றில் மூன்று பங்கே. 1825-ம் வருஷத்துக்குப்பின் ஒரு நூற்றாண்டுக்குள் சுமார் எட்டு லட்சம் ஜனங்கள் பிழைப்பை நாடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அத்தகைய குடியானவர்களின் நாட்டில் இவ்விழா எவ்வாறு பிள்ளைகள் வசமாயிற்று என்பதைத் தெரிந்துகொள்வது சங்க அங்கத்தினர்களுக்குப் பயன்படும்.

முதலில் அங்கு நுழைந்தது எழுத்தன்று, வாசிப்பு. 1736-ம் வருஷத்துச் சட்டப்படி, வேதபாடத்தில் தேறிச் சபையில் உறுதிபெறாதவர் விவாகம் செய்துகொள்ள இயலாது. வேதபாடத்துக்கு வாசிப்பு வேண்டியிருந்ததால், 1739-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிப்படிப்பு விதிக்கப்பட்டது. ஆனால் கிராமங்களில் பள்ளிக் கட்டிடம் ஏது? உபாத்தியாயரே பண்ணை பண்ணையாக நடந்து சென்றார். ஒரு வீட்டில் சில நாள் தங்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடஞ் சொல்லி, அவ்வீட்டிலேயே உண்டு, பிறகு அடுத்த வீட்டுக்குப் போவார். அவருக்குக் கிடைத்த கூலி அற்பம். சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் நெட்டுருவே. எழுத்தும் கணக்கும் வேண்டுமென்று கேட்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கே அவை கிடைத்தன. எனவே, வாசிக்கத் தெரிந்தும் எழுதத் தெரியாதவர்கள் வெகுகாலம் மிகுதியாயிருந்தனர். நிலையான பள்ளிகள் 1860-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பின்னரே கிராமாந்தரங்களில் பரவின.

இவ்வளவு குறைபாடுள்ள படிப்புங்கூட வீண்போகவில்லை. 1814-ம் வருஷத்தில் பெரிய ராஜ்யங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, அதுவரை டென்மார்க்கின் அரசருக்கு உட்பட்டிருந்த நார்வேயை ஸ்வீடன் அரசருக்குக் கைமாற்ற முற்பட்டன. ஜனங்கள் அதற்கு இணங்காமல், எய்ட்ஸ்வோல் என்னுமிடத்தில் 112 பிரதிநிதிகளைக் கூட்டி, தங்களுக்கென ஓர் அரசியல் சாசனம் வகுத்தனர். அதன் தேதியே மே 17. அப்பிரதிநிதிகளில் குடியானவர்களும் இருந்தனர். சொந்த நிலமுள்ள குடியானவர்களுக்கு ஓட்டுரிமையும் கிடைத்தது. அவ்வருஷ முடிவில் ஸ்வீடனுடன் ஒரே அரசரின்கீழ்ச் சேரவேண்டி வந்தபோதிலும், சிற்சில மாறுதல்களுடன் சாசனம் நிலைத்தது.

ஓட்டு கைக்கு வந்ததும் குடியானவர்கள் தம்மவரையே சட்டசபைக்கு அனுப்பிவிடவில்லை. வெகுகாலம் உத்தியோகஸ்தர்களையே தேர்ந்தெடுத்தனர். எழுதவும் பேசவும் தெரிந்தவர் அவர்களே என்ற எண்ணந்தான் காரணம். 1833-ம் வருஷத்துத் தேர்தலில் இந்நிலை மாறி, ஸ்தானங்களில் ஏறக்குறையப் பாதியைக் குடியானவர்கள் பெற்றனர். அவர்களுக்குத் தலைவராய் விளங்கிய ஓலே காப்ரியல் ஊலாண்டு என்பவர், மேலே சொல்லிய ஊர்சுற்றும் உபாத்தியாயர்களில் ஒருவர். அவர் உயர்ந்த கலாசாலை எதிலும் பயின்றவரல்லர். 1837-ல் நிறைவேறிய கிராம சுயாட்சிச் சட்டங்களால், ஊர் வரவுசெலவை ஊராரே தீர்மானிக்கும் உரிமை வந்தது. வரவுசெலவைத் தீர்மானிக்கக் கணக்கு வாசிக்கத் தெரியவேண்டும் என்பதை இக்கூட்டத்துக்கு விவரிக்க வேண்டியதில்லை. என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமல் புரோநோட்டில் கைநாட்டு வைப்பவர், சாகுகாரிடம் வைத்தாலும் சங்கத்தில் வைத்தாலும் பிறர் கையில் அகப்பட்டவரே. சட்டம் அவரைச் சங்கத்தின் சொந்தக்காரர் என்கிறது. பேரேட்டின் முன்னே அவர் அந்நியர்.

மே 17-ந் தேதியைக் கொண்டாடுவது ஸ்வீடன் அரசருக்குப் பிடிக்கவில்லை. 1828-ல் அதைத் தடுத்தார். 1829-ம் வருஷம் அதே நாளில் தலைநகரின் சந்தைச் சதுக்கத்தில் கூடிப் பாடி ஆரவாரித்த ஜனங்களைக் குதிரைப்படை கொண்டு கலைத்தனர். அக்கூட்டத்திலிருந்த மாணாக்கர் ஒருவர் ஹென்ரிக் வெர்கெலாண்டு. பின்னாளில் பெருங்கவிஞராகப் பெயர்பெற்ற இவர், அன்றைய நிகழ்ச்சிக்குப் பழிவாங்கப் படை திரட்டவில்லை. கிராமங்களில் புத்தகசாலைகள் ஏற்படுத்துவதிலும், தொழிலாளருக்காக எளிய நடையில் பத்திரிகை வெளியிடுவதிலும் முனைந்தார். யூதர்கள் நாட்டுக்குள் நுழையலாகாது என்று அப்புகழ்பெற்ற சாசனத்திலேயே ஒரு விதி இருந்தது. அது அநீதி என்று வாதாடியவரும் இவரே. அவ்விதி நீங்கியது 1851-ல். இவர் 1845-லேயே காலமாகிவிட்டார். இன்றளவும் மே 17-ந் தேதி யூத சமூகத்தார் அவர் சமாதியில் மலர்வளையம் வைத்து வருகின்றனர்.

1856-ல் ரவுஷோடாலன் என்னும் மலைப்பிரதேசத்தில் குடியானவர்கள் பாலை ஒன்றுசேர்த்துப் பாலாடைக்கட்டி செய்ய ஐக்கியப் பால்பண்ணை ஒன்றை நிறுவினர். அத்தேசத்தில் அத்தகைய பண்ணைகளுள் அதுவே முதலாவது. பிள்ளைகளின் ஊர்வலம் தொடங்கியது அதற்குப் பதினான்கு வருஷத்துக்குப் பின். 1870-ல் ஒரு பள்ளித் தலைமையாசிரியரும், கவிஞர் பியோர்ன்சனும் முயன்று சுமார் 1,200 பையன்களைத் தலைநகரின் தெருக்களில் நடத்திச் சென்றனர். பெண்பிள்ளைகள் சேர்க்கப்படவில்லை. அவர்கள் வேடிக்கை பார்க்கவேண்டியவர்களே என்று பத்தொன்பது வருஷகாலம் எண்ணியிருந்து, 1889-ல்தான் அவர்களும் வரிசையில் சேர்ந்தனர். அதே 1889-ல் ஏழு வருஷப் பள்ளிப்படிப்பை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்கிய சட்டமும் பிறந்தது.

1905-ல் நார்வேயும் ஸ்வீடனும் பிரிய நேர்ந்தது. இருபுறமும் படைகள் தயாராயின. எல்லையில் கோட்டைகளும் இருந்தன. ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி ஜனவாக்கு எடுக்கப்பட்டதில் பிரிவினைக்கு இசைந்தவர் 3,68,208 பேர்; மறுத்தவர் 184 பேர். பெண்களுக்கு அப்போது இவ்வாக்குரிமை இல்லை. அவர்கள் அதற்காக வாளாவிருக்கவில்லை. வீடு வீடாகச் சென்று, தாங்களும் இசைகிறோம் என்று இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் கையெழுத்துக்களைச் சேர்த்துச் சட்டசபையில் சமர்ப்பித்தனர். எழுதத் தெரிந்த கை, ஓட்டு மறுக்கப்பட்ட இடத்திலும் தன் பெயரைப் பதித்துவிட்டது. முழு ஓட்டுரிமை 1913-ல் வந்தது. இரு தேசத்தாரும் மேஜையின்முன் அமர்ந்து பேசி, எல்லைக் கோட்டைகளை இடிக்க உடன்பட்டுச் சமாதானமாகவே பிரிந்தனர்.

ஒரு களங்கத்தையும் மறைக்கலாகாது. வடபுலத்தில் கலைமான் மேய்க்கும் சாமி என்னும் சிறுபான்மை ஜனங்களின் பிள்ளைகளை அதே பள்ளிக்கூடங்கள் தாய்மொழியை மறக்கும்படி வெகுகாலம் வற்புறுத்தின. 1997-ல் அரசரே இதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்த மாத்திரத்தில் எல்லாம் நன்மையாகிவிடாது.

நமது கிராமங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ளத் தக்கது செலவில்லாத ஒன்று உண்டு. அங்கே பிள்ளைகள் நிற்பது பள்ளியின்படி, படிக்கும் வகுப்பின்படி. தெருவின்படியும் அல்ல, தகப்பனாரின் நிலபுலத்தின்படியும் அல்ல. மூன்றாம் வகுப்புக் கொடியின்கீழ் முன்னே நிற்பது யார் வீட்டுப் பிள்ளை என்று வழக்குத் தொடுக்க ஒருவருக்கும் இடமில்லை. சங்கத்தின் வருஷாந்தர மகாசபை கூடும் நாளிலேயே பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலத்தையும் நடத்தலாம். மேல்தெருவும் கீழ்த்தெருவும் ஒரே வரிசையில் வரட்டும். அன்றைய சபையில், அவ்வருஷம் புதிதாகக் கையெழுத்துக் கற்ற அங்கத்தினர் ஒருவர் வரவுசெலவுக் கணக்கின் ஒரு பக்கத்தையாவது உரக்க வாசிக்கட்டும். தடுமாறி வாசித்தாலும் குற்றமில்லை. சபையோர் பொறுமையாகக் கேட்டால் போதும். பொது நன்மை நிதியில் எஞ்சும் தொகை தோரணத்துக்குப் போவதைவிடச் சிலேட்டுக்கும் புத்தகத்துக்கும் போவது மேல்.

இத்தகைய விழா வெறும் வேடிக்கையா என்று கேட்போருக்கு 1942-ம் வருஷத்து வரலாற்றைச் சொல்லவேண்டும். 1940 ஏப்ரலில் ஜெர்மனியின் நாஜிப் படைகள் நார்வேயின்மீது படையெடுத்து, அதைக் கைப்பற்றின. மே 17-ந் தேதிக் கொண்டாட்டம் தடைசெய்யப்பட்டது. நாஜிகளுக்குத் துணைநின்ற குவிஸ்லிங் என்பவர் 1942 பிப்ரவரியில் தலைமை மந்திரியாக அமர்ந்ததும், உபாத்தியாயர்கள் யாவரும் தமது கட்சியின் சங்கத்தில் சேரவேண்டும், பத்து முதல் பதினெட்டு வயதுவரையுள்ள பிள்ளைகள் யாவரும் தமது இளைஞர் படையில் சேரவேண்டும் என்று கட்டளையிட்டார். நாட்டிலிருந்த சுமார் 14,000 உபாத்தியாயர்களில் சுமார் 12,000 பேர் மறுத்துக் கடிதம் எழுதினர். ஆயுதம் எவரிடமும் இல்லை. ஒரே வாசகத்தை ஒவ்வொருவரும் தம் கையொப்பமிட்டுத் தபாலில் அனுப்பினர். பெற்றோரும் ஆயிரக்கணக்கில் எழுதினர். சர்க்கார் எரிபொருள் பஞ்சமென்று காரணங்காட்டிப் பள்ளிகளை மூடிற்று. உபாத்தியாயர்கள் வீடுகளில் பாடம் நடத்தினர். மார்ச்சு மாதத்தில் சுமார் 1,100 பேர் கைதாயினர். அவர்களில் 600-க்கு மேற்பட்டோர் வடகோடியிலுள்ள கிர்க்கெனெஸ் துறைமுகத்துக்குக் கப்பலில் அனுப்பப்பட்டு, ராணுவத்தாருக்காக மூட்டை சுமந்தனர். கட்டளை நிறைவேறவில்லை, நாஜிச் சங்கம் நிலைபெறவில்லை, பிள்ளைகள் படையில் சேர்க்கப்படவுமில்லை. அவ்வருஷம் நவம்பர் மாதத்துக்குள் உபாத்தியாயர்கள் வீடு திரும்பினர்.

1945 மே மாதம் 8-ந் தேதி நார்வே விடுதலை பெற்றது. விழாவுக்கு இடையிலிருந்தவை ஒன்பதே நாட்கள். ஐந்து வருஷமாகத் தெருவுக்கு வராத பள்ளிக் கொடிகளைத் தேடியெடுத்துத் தூசி தட்டி, மே 17-ந் தேதி காலையில் பிள்ளைகள் மறுபடியும் நடந்தனர்.