பதிவேட்டில் ஒரு பெயர்



தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், "பெரியவர்களானதும் என்ன வேலைக்குப் போவீர்கள்?" என்று நாம் ஒருமுறை கேட்டோம். ஒரு சிறுமி எழுந்து, "மாட்டு டாக்டர் வேலைக்கு, சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொன்னால், நாமும் சிரித்துவிட்டோம். கன்று ஈன முடியாமல் அவர்கள் வீட்டுப் பசு இறந்துபோன செய்தி நமக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்தச் சிரிப்பு தவறு என்பதை உணர்ந்தே, இன்று ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் ஏலீன் கஸ்ட். 1868-ஆம் ஆண்டில் அயர்லாந்தில் பிறந்தவர். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எடின்பரோ நகரக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். குடும்பத்துக்குச் சங்கடம் நேரக்கூடாதென்று, தம் பெயரைச் சற்று மாற்றிக்கொண்டே சேர்ந்தார்.

பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு பதிவேடு உண்டு. அதனை லண்டனிலுள்ள அரச கால்நடை மருத்துவர் கழகம் நடத்துகிறது. பிரட்டில் பெயர் பதிந்தால்தான் அன்றைய கூலி என்பதை நாம் அறிவோம். அதுபோல, அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் தம்மைக் கால்நடை மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளலாம். பெயர் ஏறுவதற்குத் தேர்வில் தேற வேண்டும். 1897-இல் ஏலீன் தேர்வுக்கு விண்ணப்பித்தார். அவர் பெண் என்பதால் கழகம் மறுத்துவிட்டது. அறிவில்லை என்றோ, கைத்திறன் இல்லை என்றோ சொல்லவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கவே சம்மதிக்கவில்லை!

ஏலீன் படிப்பை விடவில்லை. 1900-இல் படிப்பை முடித்து, அயர்லாந்தில் ரோஸ்காமன் பகுதியில் ஒரு மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அங்குள்ள குடியானவர்கள் மாட்டுக்கும் குதிரைக்கும் அவரையே அழைத்தார்கள். 1905-இல் கால்வே மாவட்ட மன்றம் அவரைக் கால்நடைப் பரிசோதகராகத் தேர்ந்தெடுத்தது. பதிவேட்டில் பெயர் இல்லையே என்று மேலிடம் தடை சொல்லியது. கடைசியில், பதவியின் பெயரை மாற்றி, அதே வேலையைச் செய்ய விட்டார்கள். வேலைக்கு அவர் வேண்டும். பட்டத்துக்கு மட்டும் வேண்டாம். இது என்ன நியாயம்?

1919-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. பெண் என்ற காரணத்தால் ஒருவரைத் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்றது அச்சட்டம். 1922 டிசம்பரில் ஏலீனின் பெயர் பதிவேட்டில் ஏறியது. அப்போது அவருக்கு வயது 54. விண்ணப்பித்து 25 ஆண்டுகள் கழிந்திருந்தன. இரண்டே ஆண்டுகளில் அவர் ஓய்வு பெற்றார். ஆனால் திறந்த கதவு மூடவில்லை. 1976-இல், ருஷ்யாவில் பிறந்த ஓல்கா உவாரோவ் என்ற பெண்மணி அதே கழகத்தின் தலைவரானார். இன்று பிரிட்டனின் கால்நடை மருத்துவர்களில் பெண்களே அதிகம்.

அப்படியானால் பதிவேடே வேண்டாமா? வேண்டும். கண்டவரெல்லாம் ஊசி போட்டால் நம் மாட்டின் கதி என்ன? நம் நாட்டிலும் 1974-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம், பதிவு பெற்றவரே இத்தொழிலைச் செய்ய வேண்டும் என்கிறது. அது நமக்குப் பாதுகாப்பு. ஆனால் வாசலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "உனக்கு இந்த வேலை தெரியுமா?" ஆணா பெண்ணா, எந்த இனம், எந்த லயத்துப் பிள்ளை என்பவை அங்கே கேள்விகள் அல்ல.

பெற்றோர்களே, சட்டம் திறந்த கதவை நாமே வீட்டில் சாத்திவிடக் கூடாது. "பொம்பளைப் பிள்ளைக்கு மாட்டு வைத்தியம் எதற்கு?" என்று கேட்கும் வீட்டில், விண்ணப்பம் எழுதும் முன்பே மறுப்பு வந்துவிடுகிறது. நம் நாட்டில் பெண்கள் பலர் இன்று கால்நடை மருத்துவர்களாகப் பணிபுரிகிறார்கள். உங்கள் மகள் கன்றுக்குட்டியின் புண்ணைக் கழுவி மருந்திடுகிறாளா? சிரிக்காதீர்கள். அவளை அறிவியலிலும் கணிதத்திலும் ஊக்கப்படுத்துங்கள். எந்தக் கல்லூரி, என்ன உதவிச் சம்பளம் என்று ஆசிரியரிடம் வந்து கேளுங்கள். விசாரித்துச் சொல்வது எங்கள் கடமை.

அன்று சிரித்த நாம், மறுநாள் அந்தச் சிறுமியை அழைத்து, இந்தக் கதையைத்தான் சொன்னோம்.