திரும்பி வராத கட்டுரை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஆய்வுக் கட்டுரை எழுதப்போகிறவர்களுக்காக ஒரு எஞ்சினியரின் கதையைச் சொல்றேன். ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன், ஸ்காட்லாந்துக்காரர். பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். வாயுவின் அழுத்தமும் வெப்பமும் மூலக்கூறுகளின் ஓட்டத்தால் வருபவை என்று கணக்குப் போட்டுக் காட்டி, 1845-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார்.

வரும் கட்டுரைகளை அறிஞர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது அங்கே அப்போதே வழக்கம். என்ன ஆச்சு தெரியுமா? படித்தவர்களில் ஒருவர் 'வெறும் பிதற்றல்' என்று எழுதிவிட்டார். 1846-இல் ஒரு சுருக்கம் மட்டும் வெளிவந்தது. முழுக் கட்டுரை அச்சேறவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. சபையின் வழக்கம் அப்படி. அவர் கையிலோ நகல் இல்லை.

1857-இல் கிளாசியஸும் 1860-இல் மாக்ஸ்வெல்லும் தாங்களாகவே அதே வழியில் போய்ப் புகழ் பெற்றார்கள். வாட்டர்ஸ்டன் 1883-இல் காலமானார். 1891-இல் சபையின் செயலாளர் ராலே பிரபு பழைய கட்டில் அதைத் தேடி எடுத்தார். மறு ஆண்டே முன்னுரையோடு அச்சிட்டார்.

மதிப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் குப்பையும் அச்சேறும். ஆனால் நம்மில் பலர் இன்று மதிப்பிடும் நாற்காலியில் இருக்கிறோம். பெயர் தெரியாதவர் அனுப்பிய தாள் புரியவில்லை என்றால், 'பிதற்றல்' என்று எழுதுமுன் இன்னொரு தடவை படியுங்கள்.

தம்பி தங்கைகளே, நகல் வைக்காம எதையும் அனுப்பாதீங்க!