உயிரியலின் முதற்பாடமும் தமிழ்ச் சொல்லும்



பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியிற் பயின்ற உழவர் வீட்டுப் பெண்ணொருத்தி, கல்லூரியில் உயிரியல் முதலாண்டு வகுப்பில் வந்து அமர்கின்றாள் எனக் கொள்வோம். உயிரின் சிற்றறை, அதன் பிளவு, மரபியல் என்னும் மூன்றுமே அவள் முதற்பாடங்கள். இவற்றுள் ஒன்றும் அவளுக்குப் புதிதன்று. மெண்டலின் பட்டாணியை அவள் பள்ளியிலேயே அறிவாள், படமும் வரைவாள். ஆயினும் கிழமை இரண்டு கழிவதற்குள் அவள் வாய் அடைபட்டு விடுகின்றது. விடை தெரிந்தும் எழுந்து நிற்பதில்லை. இரவெல்லாம் விடுதியில் அமர்ந்து, பொருள் விளங்காத கிரேக்க இலத்தீனச் சொற்களை ஆங்கில ஒலிப்போடு உருப்போடுகின்றாள். இடைத்தேர்வில் மதிப்பெண் குறைந்தவுடன், தனக்கு உயிரியல் வராது என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொள்கின்றாள். வராதது உயிரியலா, ஆங்கிலமா என்று அவளிடம் பிரித்துக் காட்டுவார் எவருமிலர்.

1665இல் இராபர்ட் ஊக் என்னும் ஆங்கிலேயர் தக்கையை மெல்லிதாய்ச் சீவி நுண்ணோக்கியில் வைத்து நோக்கினார். தேனடை போல் அடுத்தடுத்துச் சிற்றறைகள் தெரிந்தன. அவற்றிற்குச் 'செல்' என்று பெயரிட்டார். துறவியர் மடத்துச் சிற்றறைக்கு வழங்கிய சொல்லே அது. இலத்தீன் வேரிலும் சிற்றறை என்பதே பொருள். ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டு கழித்து, 1838, 1839ஆம் ஆண்டுகளில் செருமானியராகிய சிலைடனும் சுவானும், மரஞ்செடிகளும் விலங்குகளும் இவ்வறைகளால் ஆனவையே என்று நிறுவினர். செருமானியர் இன்றும் அதன் நடுவிலுள்ள கருவை 'அறையின் பருப்பு' என்னும் பொருள்படவே வழங்குகின்றனர். அந்நாட்டுப் பிள்ளைக்கு அறையும் தெரியும், கொட்டைக்குள் இருக்கும் பருப்பும் தெரியும். பாதிப் பாடம் பெயரிலேயே முடிந்துவிடுகின்றது. தமிழ்ப் பிள்ளையோ 'செல்' என்று கேட்டவுடன் 'போ' என்னும் ஏவலையன்றோ கேட்கின்றாள்! அஃதன்றேல், கதவுநிலையை அரிக்கும் செல்லை எண்ணுவாள். இந்நாளிலோ கைப்பேசியை எண்ணுவாள்.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா எனின், ஒன்றுக்கு மூன்றாய் இருப்பதே குறை. கண்ணறை என்றனர் சிலர். உயிரணு என்பது தமிழகத்திற் பரவிய சொல். ஈழத்துப் பள்ளி நூல்கள் கலம் என்கின்றன. உயிரணு இனிய சொல்தான். ஆனால், இயற்பியல் வகுப்பில் அணு என்பது வேறொன்றாயிருக்க, ஓர் உயிரணுவுக்குள் கோடி கோடி அணுக்கள் உள்ளன என்று கூறும்போது மாணவர் மயங்குவர். கலம் என்பதோ ஏனம், கொள்வது, தாங்குவது. கலச்சுவர், ஒருகல உயிர், பல்கல உயிர் எனத் தடையின்றிக் கிளைக்கவும் கிளைக்கும். ஈழத்தமிழர் ஆக்கியது என்பதற்காகத் தமிழகம் அதனை ஒதுக்குவது அழகன்று. இனி இப்பொழிவில் கலம் என்பதே வழங்கும்.

அடுத்தது கலப் பிளவு. வெங்காயத்தை நீர்க் குவளையின் வாயில் வைத்து முளைக்க விட்டு, வேர் நுனியை நறுக்கிச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி நோக்கச் செய்வது எல்லாக் கல்லூரியிலும் உள்ள செய்முறை. அங்கே கருவுக்குள் இழைகள் திரண்டு, நடுவில் அணிவகுத்து, இரு முனைக்கும் பிரிந்து செல்வதைக் காணலாம். 1882இல் இதனை விளக்கி எழுதிய பிளெமிங், இழை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் 'மைட்டாசிசு' எனப் பெயரிட்டார். ஈழத்தார் அதனை இழையுருப்பிரிவு என்றனர். பாலணுக்கள் தோன்றும்போது நிகழும் மற்றொரு பிளவில் இழைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறையும். அதனை அவர்கள் ஒடுக்கற்பிரிவு என்ன, தமிழகத்தார் குன்றற்பிரிவு என்றனர். ஆங்கிலத்தில் இவ்விரண்டின் பெயரும் ஓரெழுத்தளவே வேறுபட்டொலித்து ஆண்டுதோறும் தேர்வுத் தாள்களில் இடம் மாறி விழுகின்றன. குன்றற்பிரிவு என்றறிந்த பிள்ளை எது குன்றும் என்று மறப்பாளா?

அவ்விழைகளுக்கு 1888இல் வால்டையர் என்பார் 'நிறவுடல்' என்னும் பொருளில் குரோமோசோம் எனப் பெயரிட்டார். சாயத்தை நன்கு பற்றுவதால் வந்த பெயர் அது. ஈழத்து நிறமூர்த்தம் பாதி வடமொழி. நிறப்புரி என்பதே தக்கது. கயிற்றின் புரியை அறிந்தவர்க்கு முறுக்குண்ட இழையின் வடிவமும் அச்சொல்லில் விளங்கும். வெங்காயத்திற்கு நிறப்புரி 16. பட்டாணிக்கு 14, நெல்லுக்கு 24, கேழ்வரகுக்கு 36, மாந்தனுக்கு 46. மாந்தன் கணக்கு 1956இல்தான் திருத்தமுற்றது; அதற்கு முன் 48 என்றே நூல்கள் ஓதின.

இவ்வெண்ணும் கலையில் பெயர்பெற்றவர் தலைச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னையிற் கல்லூரிக் கல்வி பெற்ற சானகி அம்மாள். அவர் பணியாற்றிய இடங்களுள் ஒன்று கோவைக் கரும்பு ஆய்வு நிலையம். 1912இல் தோன்றிய அந்நிலையம், 'வெள்ளை' என்று தமிழ்ப் பெயர் பூண்ட கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து 'கோ 205' என்னும் கலப்பினத்தை உருவாக்கியது. இனிப்பு ஒன்றினது, வன்மை மற்றொன்றினது. சானகி அம்மாள் 1945இல் தார்லிங்டன் என்பாரோடு சேர்ந்து, பயிர்களின் நிறப்புரி எண்ணிக்கைகளைத் திரட்டி ஒரு பெருநூல் வெளியிட்டார். கோவை மாவட்டத்துக் கரும்பு உழவர் மகள் இதைத் தன் முதலாண்டுப் பாடத்திற் கேட்பதில்லை என்பது எத்துணை இரங்கத்தக்கது!

இனி மெண்டல். ஆத்திரிய நாட்டுப் புருன் நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணியின் ஏழு பண்புகளை எடுத்துக்கொண்டு எட்டாண்டு உழைத்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அவற்றைத் தம்முட் கருவுற விட்டார். 5474 உருண்டை, 1850 சுருக்கம். மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கு. சுருக்கம் அழிந்துவிடவில்லை, ஒரு தலைமுறை உள்ளடங்கியிருந்து மறுதலைமுறையில் வெளிவந்தது. 1866இல் அச்சேறிய இவ்வாய்வை உலகம் 1900இல்தான் கண்டுகொண்டது.

வெளிப்பட்ட பண்பு ஓங்கு பண்பு. உள்ளடங்கிய பண்பு ஒடுங்கு பண்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பல்லாண்டாய் வழங்கும் இவ்விணைச் சொற்களின் அருமையை அறியச் சப்பானுக்குச் செல்லல் வேண்டும். அங்கு இவற்றிற்கு வழங்கிய சொற்களின் எழுத்துக்கள் 'மேம்பட்டது', 'தாழ்ந்தது' என்னும் பொருள் தருவன. அதனால், ஒடுங்கு பண்புடையார் இழிந்த மரபினர் என்னும் பிழையெண்ணம் மக்களிடையே ஊன்றிற்று. 2017இல் அந்நாட்டு மரபியற் கழகம் அச்சொற்களை மாற்றி, வெளிப்படுவது, மறைந்திருப்பது என்னும் பொருளுடைய புதுச் சொற்களை முன்வைத்தது. சொல் ஒன்று தவறினால் அறிவியலே இழிவு கற்பிக்கும் கருவியாகிவிடும் என்பதை அவர்கள் பட்டறிந்தனர். தமிழில் ஒடுங்குதல் இழிதலன்று. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கும். காலம் வந்தால் தலைநீட்டும். அச்சொல்லை அமைத்தவர் எவராயினும் தமிழுலகம் அவருக்குக் கடன்பட்டது.

தமிழாசிரியர் மிக மகிழ்தற்குரிய பகுதி இதற்கு அடுத்தது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் மரபுப் பொருளின் ஈரிழை முறுக்கை வெளியிட்டனர். அதில் உள்ளவை நான்கே எழுத்துக்கள். மும்மூன்று எழுத்தாய்ச் சேர்ந்து 64 சொற்கள். அவற்றுள் 61 சொற்கள் புரதத்தின் 20 வகைக் கண்ணிகளைக் குறிக்க, எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். கலத்தினுள் இம்மூலத்தைப் பார்த்துப் படியெடுத்தல் நிகழ்கின்றது. பின்னர் அப்படியிலிருந்து புரதமாக மொழிபெயர்த்தல் நிகழ்கின்றது. ஆங்கிலத்திலும் இவற்றிற்கு எழுத்தர் தொழிலின் சொற்களே பெயர். ஏட்டுச்சுவடி மரபில் வந்த தமிழர்க்கு இதை விளக்க வேறு உவமை எதற்கு? பழைய ஏடு செல்லரிக்குமுன் புதிய ஏட்டிற் படியெடுப்பர். எழுதுவோன் கண் அயர்ந்தால் ஓரெழுத்து மாறும். மாறிய எழுத்து அதன்பின் எழும் படிகளிலெல்லாம் தொடரும். சில மாற்றம் பொருளைக் கெடுக்கும், சில கெடுக்கா. மரபணு மாற்றமும் இஃதே. பாடவேறுபாடு ஆய்ந்து பழகிய தமிழ்ப் புலவர் ஒருவர், உயிரியல் ஆசிரியரோடு ஒருமணி நேரம் அமர்ந்தால், இருவருமே பயன்பெறுவர்.

இங்கே மேடைப் பேச்சாளர்க்கும் ஒன்று கூறல் வேண்டும். 'குருதியில் தமிழ் ஓடுகின்றது' என்று முழங்குவது கைதட்டலுக்கு நன்று, உயிரியலுக்கு ஒவ்வாது. மரபணுவில் மொழி எழுதப்பட்டிருக்கவில்லை. பேசும் திறம் பிறவியில் வரும். எம்மொழி என்பது பிறந்தபின் காதுவழி வரும். தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த குழவி நார்வேயில் வளர்ந்து தமிழ் கேளாதிருப்பின் நார்வேமொழிதான் பேசும். ஆகவே, ஒரு தலைமுறை கற்பிக்கத் தவறினால், ஒடுங்கியிருந்து மறுதலைமுறையில் தானே வெளிப்பட மொழியொன்றும் பட்டாணியன்று. அவ்வாறே, ஓதுதலும் உழுதலும் தோல் பதனிடுதலும் நிறப்புரியில் ஏறி வருவன அல்ல. பிறப்பால் தொழில் என்று நூற்றாண்டுகளாய் ஓதியவர்க்கு இம் முதலாண்டுப் பாடமே மறுப்பாகும்.

சொற்பஞ்சம் என்று இனியும் கூறுவார் உளர். 19ஆம் நூற்றாண்டிலேயே கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தார், நூல்களும் செய்தார். அவற்றின் சொற்கள் பெரும்பாலும் வடசொற்களே எனினும், கற்பிக்க இயலும் என்பதற்கு அவை சான்று. 1916இல் சேலத்தில் அறிவியற் சொற்களுக்கென ஒரு கழகம் தோன்றியது. தனித்தமிழ் இயக்கம் எழுந்ததும் அவ்வாண்டே. 1970இல் அமைந்த தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிக்கென்று தமிழில் நூல்கள் பல வெளியிட்டது. அரசு கலைக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழி வகுப்பும் உண்டு. ஆயினும் சொல் அகரமுதலியில் உறங்குகின்றது. ஆசிரியர் நாவில் ஏறவில்லை. ஆங்கிலம் வேண்டா என்பதன்று கருத்து. ஆய்வுலகின் கதவு பலவும் இன்று அம்மொழியில் உள்ளமையால் அச்சொல்லையும் அறிதல் கடன். கரும்பலகையில் குன்றற்பிரிவு என்று முதலில் எழுதி, அதன் அருகில் அயற்சொல்லையும் எழுதுவதற்கு ஆசிரியருக்கு ஆகும் நேரம் சில நொடிகளே. செய்முறை ஏட்டைத் தமிழில் எழுதும் மாணவியை ஏளனம் செய்யாதிருத்தற்கு அந்நேரமும் வேண்டுவதில்லை.

நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952இல் ஒரு குருதி நோய் கண்டறியப்பட்டது. அரிவாட்கல நோய் எனலாம். குருதியின் செந்நிறப் புரதத்தில் 146 கண்ணிகள் கொண்ட தொடரொன்றில் ஆறாம் கண்ணி மாறிவிடுகின்றது. மரபேட்டில் மாறியது ஓரெழுத்தே. அதனால், வட்டமாய் இருக்க வேண்டிய செங்கலம் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றது. பிள்ளை மூட்டுவலியால் துடிக்கும், குருதி குன்றும். இது ஒடுங்கு பண்பு. தாயும் தந்தையும் நலமாகவே இருப்பர். இருவரிடத்தும் ஒவ்வொரு பிழைப்படி ஒடுங்கியிருக்கும்.

அத்தாய் மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்து கேட்பாள்: 'எங்கள் இருவருக்கும் இல்லாத நோய் பிள்ளைக்கு எப்படி வந்தது? யார் குற்றம்?' எவர் குற்றமும் அன்று, தெய்வச் சினமும் அன்று என்பதை அவளுக்கு விளக்கல் வேண்டும். இத்தகைய பெற்றோர்க்குக் கருவுறும் ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு உண்டு. முதற்பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவர்க்கு வாராது என்பதன்று. இதைப் பிழையாய் உணர்ந்தால் அக்குடும்பம் பிழையான முடிவெடுக்கும். மணத்திற்கு முன் குருதி ஆய்வு செய்துகொள்ளுங்கள் என்று அவள் தங்கைக்கும் கூறல் வேண்டும். இன்று முதலாண்டு வகுப்பில் வாயடைத்து அமர்ந்திருக்கும் மாணவிதான், நாளை அத்திண்ணையில் செவிலியாகவோ ஆய்வகப் பணியாளராகவோ அத்தாய்க்கு எதிரே நிற்கப் போகின்றாள். ஓங்கு, ஒடுங்கு என்னும் இருசொல்லும் வெங்காய வேரும் பட்டாணிக் கணக்கும் அப்போது அவள் நாவில் தமிழாய் வரல் வேண்டும்.