பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படிப்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் வெள்ளிமலைப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு அக்கா, தன் மகன் லண்டனிலிருந்து கொண்டுவந்த மாவு பாக்கெட்டைக் காட்டினார். அவருக்குச் சர்க்கரை நோய். "மாவுச்சத்துல நார்ச்சத்தைக் கழிச்சுட்டு, மீதியைத்தான் கணக்கு பாக்கணுமாமே, சரியாம்மா?" என்று கேட்டார். சில நாட்டு பாக்கெட்டுக்குச் சரி. எல்லாத்துக்கும் சரியில்லை.

நம்ம கேழ்வரகையே எடுத்துக்குவோம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பட்டியல்படி, 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து சுமார் 67 கிராம். நார்ச்சத்து தனியாக 11 கிராம். இதே மாவை அமெரிக்காவில் விற்றால் இரண்டையும் கூட்டி, மாவுச்சத்து 78 என்று போடுவார்கள். அதற்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, நார்ச்சத்து 11 என்று இருக்கும். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் மாவுச்சத்து 67 என்றுதான் இருக்கும். நார்ச்சத்து தனி வரியில் வரும்; சிலதில் வராமலும் இருக்கும்.

அமெரிக்க பாக்கெட்டில் 78-ல் 11 போனால் 67. சரி. லண்டன் பாக்கெட்டில் 67-லயும் 11-ஐக் கழிச்சா 56 ஆயிடும். ஏற்கனவே கழிச்சதையே மறுபடி கழிக்கிறோம். 67 சாப்பிட்டுட்டு 56-ன்னு நினைச்சா, சர்க்கரை ஏறத்தானே செய்யும்?

நம் நாட்டில் 2020 விதிப்படி மாவுச்சத்து, சர்க்கரை அளவெல்லாம் கட்டாயம் போடணும். நார்ச்சத்து அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. அதனால பாக்கெட்டில் போடலைன்னா, நார்ச்சத்தே இல்லைன்னு அர்த்தம் இல்லை.

இன்னொன்று. தீட்டிய அரிசியில் மாவுச்சத்து 78, கேழ்வரகில் 67, சாமையில் 66. வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்து கூடுதல் என்பதால் கேழ்வரகும் சாமையும் நல்லதுதான். ஆனா களியை எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்னு நினைக்காதீங்க. மாத்திரை, ஊசி அளவையும் டாக்டரைக் கேட்காம மாத்தாதீங்க.

சத்துமாவு பாக்கெட் போடும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்தவங்க பாக்கெட்டைப் பார்த்து எண்களை எழுதாதீங்க. உங்க மாவை அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதித்துப் போடுங்க. அதை நம்பித்தான் ஒரு சர்க்கரை நோயாளி சாப்பிடுறாங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு காலி பாக்கெட் கொண்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.