கிளப் மாறிய விங்கர், காணாமல் போன கிளப்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு ஃபுட்பால். ஆனா மெஸ்ஸி, ரொனால்டோ கிடையாது. கிளப் விட்டு கிளப், ஊர் விட்டு ஊர் போய் ஆடுற ஒரு விங்கரோட கதை.

நம்ம திருப்பூர்ல தீபாவளி போனஸ் வாங்கிட்டு, லீவு முடிஞ்சதும் வேற பனியன் கம்பெனியில போய் உட்கார்ற டைலர்களை நிறைய பார்த்திருப்பீங்க. ஓவர்லாக்ல கை ஓடுற ஆளுன்னா எங்க போனாலும் மிஷின் ரெடி. அவரை யாரும் தப்பா பேசறதில்லைங்க. ஐடியில மூணு கம்பெனி மாறினவனுக்கு 'கங்கிராட்ஸ்'னு மெசேஜ் வரும். ஆனா ஒரு ஃபுட்பால் பிளேயர் நாலு கிளப் மாறிட்டா மட்டும், 'எங்கயும் நிலைச்சு நிக்கலையே'ன்னு பேசுவாங்க. அது நியாயமான பேச்சுதானான்னு பார்ப்போம்.

மைக்கேல் சூசைராஜ். பிறந்தது 1994. ஊர் கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை. கேரள எல்லையை ஒட்டின மீனவர் கிராமம். அந்தக் கடற்கரை முழுக்க ஃபுட்பால்தான். இடது கால்காரர். பந்தைக் காலோட ஒட்டி வச்சுக்கிட்டு டிஃபெண்டரைத் தாண்டிப் போறதுதான் அவரோட ஸ்பெஷாலிட்டி.

இந்தியா முழுக்க அவர் பேர் தெரிய ஆரம்பிச்சது சென்னை சிட்டி எஃப்சியில. இங்கதான் நமக்கு ஒரு கனெக்‌ஷன். 2017-ல ஐ-லீக்ல முதல் சீசன் ஆடினப்போ, சென்னை சிட்டியோட ஹோம் கிரவுண்ட் எது தெரியுமா? கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம்! பேர் சென்னை, வீடு கோவை. திருப்பூர்ல இருந்து 50 கிலோமீட்டர், ரயில்ல ஒரு மணி நேரம். நேஷனல் லீக் மேட்ச் நமக்கு இவ்வளவு பக்கத்துல வந்தது அப்பதான். பிளேயர் கிளப் மாறினார்னு குறை சொல்றதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க, அந்தக் கிளப்பே ஊரு மாறி வந்ததுதான்.

அந்தக் கிளப்ல இன்னொரு தமிழ்நாட்டு விங்கரும் இருந்தார். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். இந்தப் பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

2018-ல சூசைராஜ் ஐ.எஸ்.எல்.-க்குப் போறார், ஜாம்ஷெட்பூர் எஃப்சி. ஆஸ்திரேலியாவுக்காக நாலு உலகக் கோப்பை ஆடின டிம் காஹில் இருந்த அதே டீம். அவர் கிளம்பின அடுத்த சீசன்லயே, 2019 மார்ச் 9-ஆம் தேதி கோவையில மினர்வா பஞ்சாபை 3-1-னு ஜெயிச்சு சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன்!

'அடடா, அவசரப்பட்டுட்டாரே'ன்னு தோணுதில்ல? கொஞ்சம் பொறுங்க. அப்போ ஐ-லீக் ஜெயிச்சாலும் ஐ.எஸ்.எல்.-க்கு ஏறிப் போக வழி கிடையாது. அந்தக் கதவு 2023-லதான் திறந்தது, பஞ்சாப் எஃப்சிக்கு. நம்ம சாம்பியன் கிளப்போட பங்குல 26 சதவீதத்தை சுவிட்சர்லாந்தோட பாசல் கிளப் வாங்கினது பெரிய நியூஸா வந்துச்சு. ஆனா 2021-22 ஐ-லீக் பட்டியலைப் பாருங்க, சென்னை சிட்டிங்கிற பேரே இல்ல. கோப்பை ஜெயிச்சு மூணே வருஷம். விசுவாசமா அங்கயே இருந்திருந்தா, சூசைராஜ் யாருக்கு விசுவாசமா இருந்திருப்பார்?

சரி, அவரோட கதைக்கு வருவோம். 2019 ஜூன்ல தாய்லாந்துல கிங்ஸ் கப், இந்திய ஜெர்சி. அதே வருஷம் கொல்கத்தாவோட ஏடிகே அவரை வாங்குது. சுமார் 90 லட்சம் ரூபாய்னு பத்திரிகைகள் எழுதின. ஒரு இந்திய விங்கருக்கு அது பெரிய தொகை.

ஏடிகேவுல கோச் அன்டோனியோ ஹபாஸ். அவர் ஆட வச்சது 3-5-2. ஃபுட்பால் அதிகம் பார்க்காதவங்களுக்குச் சின்னதா சொல்லிடறேன். பின்னாடி மூணு டிஃபெண்டர், நடுவுல அஞ்சு பேர், முன்னாடி ரெண்டு ஸ்ட்ரைக்கர். இதுல விங்கர்னு ஒரு போஸ்டே கிடையாது. அந்த ஓரம் முழுக்க ஒரே ஆளு, அவர் பேர் விங்-பேக். பந்து நம்மகிட்ட இருந்தா எதிரி பாக்ஸ் வரைக்கும் ஏறணும், போயிட்டா நம்ம பாக்ஸ் வரைக்கும் திரும்பி ஓடி வரணும். தொண்ணூறு நிமிஷமும் இதே வேலை. டிரிப்பிள் பண்றதுக்காக வாங்கின ஆளை இடது ஓரத்துல டிஃபென்ஸும் பார்க்கச் சொன்னாங்க. அவரும் கத்துக்கிட்டார். கோச் மாறினா விங்கருக்கு வேலையே மாறும். கோல்கீப்பருக்கோ சென்டர்-பேக்குக்கோ இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது.

2020 மார்ச் 14. கொரோனாவால கோவாவுல காலி ஸ்டேடியத்துல ஐ.எஸ்.எல். ஃபைனல். ஏடிகே 3, சென்னையின் எஃப்சி 1. அந்த சாம்பியன் டீம்ல சூசைராஜும் இருந்தார், அவர் அண்ணன் மைக்கேல் ரெஜினும் இருந்தார். எதிர்ல தமிழ்நாட்டு டீம். ஜெர்சி எதுவோ அதுக்குத்தான் ஓடணும், புரொஃபஷனல்னா அதுதான்.

அதே வருஷம் ஏடிகேவும் மோகன் பகானும் ஒண்ணா சேர்ந்தாங்க. சூசைராஜ் எங்கயும் போகல. ஆனா சட்டையும் ரசிகர்களும் பேரும் மாறிடுச்சு. விக்கிபீடியா பக்கத்துல அவருக்கு ஒரு கிளப் கூடிப்போச்சு!

இப்பதான் கஷ்டமான இடம். 2020 நவம்பர் 20, பாம்போலிம், கேரளா பிளாஸ்டர்ஸோட சீசனோட முதல் மேட்ச். கால் மணி நேரம் கூட ஆகல. சூசைராஜ் மூட்டைப் பிடிச்சுக்கிட்டு வெளியே போறார். அந்த சீசன் முழுக்க அவ்வளவுதான்.

விங்கருக்கு மூட்டுன்னா என்னன்னு யோசிங்க. ஃபுல் ஸ்பீடுல ஓடி, சடார்னு நின்னு, வேற பக்கம் வெட்டித் திரும்பணும். அவரோட மொத்தத் தொழிலும் அந்த ஒரு நொடியிலதான் இருக்கு. காயம் ஆறினாலும் அந்த நொடி பழையபடி வருமாங்கிறது வேற கேள்வி. நம்ம பீஸ் ரேட் டைலருக்கும் இது தெரியும். விரல்ல ஊசி ஏறின அன்னிக்கு பீஸ் கிடையாது, பீஸ் இல்லைன்னா காசு கிடையாது. ஃபுட்பாலருக்கு காண்ட்ராக்ட் ஓடுற வரைக்கும் சம்பளம் உண்டு. ஆனா மூட்டு ஆறுற வரைக்கும் காண்ட்ராக்ட் காத்திருக்காது, தேதி வந்தா அது முடிஞ்சுடும்.

2022-ல அவர் ஒடிஷா எஃப்சிக்கு வர்றார். அங்க யாரு இருக்கா? நந்தகுமார்! அவர் கதை இன்னும் வேடிக்கை. 2017-ல டெல்லி டைனமோஸ்ல சேர்ந்தார். 2019-ல அந்தக் கிளப்பே டெல்லியைக் காலி பண்ணிட்டு புவனேஸ்வர் போய் ஒடிஷா எஃப்சி ஆயிடுச்சு. கோவையில ஒண்ணா இருந்த ரெண்டு விங்கர்கள் மறுபடியும் ஒரே ஜெர்சியில. ஆனா ஒருத்தர் காயத்துல இருந்து மீண்டு வர்றார், இன்னொருத்தர் உச்சத்துக்குப் போயிட்டிருக்கார்.

2023 ஏப்ரல்ல ஒடிஷா சூப்பர் கப் ஜெயிக்குது. நந்தகுமார் இந்திய அணிக்கும் ஆடிட்டு, ஈஸ்ட் பெங்காலுக்கு மாறுறார். ஆகஸ்ட் 12, டூரண்ட் கப், கொல்கத்தா டெர்பி. மோகன் பகான்கிட்ட தொடர்ந்து எட்டு டெர்பி தோத்த டீமுக்கு அவர் அடிச்ச ஒரே கோல், 1-0! 2024 ஜனவரி சூப்பர் கப் ஃபைனல் புவனேஸ்வர்ல, எதிர்ல அவரோட பழைய கிளப் ஒடிஷா. ஈஸ்ட் பெங்காலுக்கு முதல் கோல் அடிச்சவர் நந்தகுமார். எக்ஸ்ட்ரா டைம்ல 3-2, கோப்பை ஈஸ்ட் பெங்காலுக்கு. கிளப் மாறலைன்னா இந்தக் கதையே கிடையாது.

ஒரே இடத்துல இருந்து கிளம்பின ரெண்டு பேர். ஒருத்தருக்கு மூட்டு தாங்குச்சு, இன்னொருத்தருக்கு தாங்கல. திறமையையோ விசுவாசத்தையோ வச்சு இந்த வித்தியாசத்தைச் சொல்லிட முடியாதுங்க.

அப்புறம் 2025 ஜூலை. ஐ.எஸ்.எல். நடத்துற உரிமை ஒப்பந்தத்துல சிக்கல், சீசனையே நிறுத்தி வைக்கிறோம்னு அறிவிப்பு. ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்சி, பிளேயர்களோட, ஸ்டாஃபோட சம்பளத்தை நிறுத்தி வச்சது. சுனில் சேத்ரி இருக்கிற கிளப்புங்க அது! அங்கயே இந்த நிலைமைன்னா, இருபத்தி நாலு வயசுல ஒரு வருஷ காண்ட்ராக்ட்ல இருக்கிற விங்கர் என்ன பண்ணுவார்?

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். நம்ம நாட்டுல ஒரு பிளேயர் ஊர் ஊரா போறார்னா, பாதி நேரம் அவருக்குக் கீழ இருக்கிற தரைதான் நகருது. கிளப் ஊர் மாறும், பேர் மாறும், இன்னொண்ணோட சேரும், சில சமயம் இல்லாமலே போயிடும். அவர் கையில இருக்கிறது ரெண்டு காலும், தேதி போட்ட ஒரு பேப்பரும் மட்டும்தான். அடுத்த தடவை யாராவது 'அவன் எத்தனை கிளப் மாறிட்டான் பாரு'ன்னு சொன்னா, அதுல எத்தனை கிளப் இன்னும் உயிரோட இருக்குன்னு திருப்பிக் கேளுங்க.

உங்க ஊர்ல செவன்ஸ் ஆடற, டிஸ்ட்ரிக்ட் ஆடற விங்கர் யாராவது இருந்தா இந்த எபிசோடை அனுப்பி விடுங்க. காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, காயம் பட்டா சிகிச்சைச் செலவு யாரோடது, எத்தனை மாசம் சம்பளம் வரும்ங்கிற ரெண்டு வரியை மட்டுமாவது படிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.