கிளம்பாத டிராக்டருக்குக் காரணம் காண்பது எப்படி?



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல் ஆசிரியர் டிராக்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. பெரியாறு - வைகைப் பாசனத்தில் இருபோகப் பகுதி ஏறத்தாழ 45,000 ஏக்கர். மேலூர், திருமங்கலம் பக்கத்து ஒருபோகப் பகுதி ஏறத்தாழ 1,05,000 ஏக்கர். கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஏககாலத்தில் தொழி உழவு வேண்டும். நாற்றின் வயதுக்கு 'மாதத்துக்கு ஒரு வாரம்' என்பது கணக்கு. நான்கு மாத நெல்லுக்கு நான்கு வார நாற்று. அந்த நாற்று ஆறு வாரம் கிடந்து முற்றிய பின் நட்டால் தூர் குறையும்; பின்னால் உரத்தைக் கூட்டிப் போட்டு முழுவதும் ஈடுகட்ட இயலாது. ஆகவே தொழி உழவு நாளில் டிராக்டர் கிளம்பாமல் நின்றால் நட்டம் விளைச்சலில்தான் தெரியும்.

அடியோடு கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்வது எளிது. இன்று கிளம்பி, நாளை மக்கர் செய்து, மறுநாள் மீண்டும் கிளம்பும் வண்டிதான் தொல்லை தருவது. மெக்கானிக் வந்து நிற்கும்போது அது ஒழுங்காக ஓடும். அவரும் பாட்டரியை மாற்றுங்கள் என்பார். மாற்றிய பத்தாம் நாள் பழைய கதைதான்.

நெற்பயிர் மஞ்சளித்தவுடன் யூரியாவைத் தூவுவது போன்றது இது. அடி இலை ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. இலையில் துருப்பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள் கண்டால் துத்தநாகக் குறைவு. முன்னதற்குப் போடும் மருந்து பின்னதைத் தீர்க்காது. டிராக்டரிலும் முதலில் அடையாளம் காண வேண்டும். பிறகுதான் பணம் செலவழிக்க வேண்டும்.

முதல் கேள்வி: எஞ்சின் சுழல்கிறதா?

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுழலவில்லை என்றால் கோளாறு மின்சாரத்தில். நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் டீசல் வரும் வழியில். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

எஞ்சின் சுழலாவிட்டால்

முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கைக் கவனியுங்கள்.

1. விளக்கு மங்கி அணைவதுபோல் ஆனால், பாட்டரியில் சக்தி இல்லை. அல்லது பாட்டரி முனை இணைப்பு சரியில்லை.

2. விளக்கு மங்கவில்லை, சத்தமும் இல்லை என்றால், சாவியின் உத்தரவு செல்ப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. சாவிச் சுவிட்சு, அதன் மெல்லிய ஒயர், கிளச்சிலோ கியரிலோ உள்ள பாதுகாப்புச் சுவிட்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிளச்சை முழுக்க மிதித்து, கியரை நியூட்ரலில் அசைத்து வைத்து மறுபடி முயலுங்கள். அப்போது சுழன்றால் பாதுகாப்புச் சுவிட்சின் மேல் ஐயம் கொள்ளலாம்.

3. விளக்கு பிரகாசமாகவே இருந்து, 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால், செல்ப் மோட்டார் மேல் உள்ள காந்தச் சுவிட்சின் செம்பு முனைகள் கருகியிருக்கலாம். மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். எர்த் ஒயரையும் பாருங்கள்.

விளக்கு நன்றாக எரிகிறதே, இணைப்பில் என்ன குறை இருக்கும் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் பாருங்கள். 60 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர்தான் இழுக்கிறது. செல்ப் மோட்டாரோ 300 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடியது. துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.01 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். விளக்குக்கு அதில் நட்டம் 0.05 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ப்புக்கு நட்டம் 3 வோல்ட். மீதி 9 வோல்ட்டில் எஞ்சின் எப்படிச் சுழலும்?

தொழி உழவில் ஓடும் வண்டிக்கு இந்தக் குறை வருவது இயல்பு. சேறும் நீரும் எர்த் ஒயர் போல்ட்டின் அடியில் தங்கித் துரு ஏறும். அதிர்ச்சியில் ஒரு நாள் தொடும், ஒரு நாள் தொடாது. பாட்டரி முனைகளையும், எர்த் ஒயர் இரு முனைகளையும் கழற்றி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது எர்த் முனையை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

எந்த இணைப்பு கெட்டது என்று தெரியாவிட்டால், ஐந்தாறு விநாடி செல்ப் அடித்துப் பார்த்துவிட்டுச் சாவியை அணைத்து, ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இணைப்பே குற்றவாளி.

சுழன்றும் பற்றாவிட்டால்

புகைக்குழாயைப் பாருங்கள். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். எஞ்சின் மெதுவாகச் சுழல்வதோ, அமுக்கம் குறைந்ததோ, இஞ்ஜெக்டர் கெட்டதோ காரணமாகலாம். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை அமுக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. சுழற்சி தளர்ந்தால் அந்தச் சூடு வராது. ஆகவே இங்கும் பாட்டரியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. நிறுத்தும் குமிழ் முழுக்க உள்ளே போயிருக்கிறதா? மின் நிறுத்தி உள்ள வண்டியில் சாவி போட்டதும் பம்பு அருகே சிறு 'டக்' கேட்கிறதா? இரண்டும் சரியானால், குழாயில் ஏர் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரவு நின்ற வண்டி காலையில் மட்டும் தகராறு செய்து, பிறகு பகல் முழுதும் ஒழுங்காகக் கிளம்பினால், ஏர் இழுப்பதே பெரும்பாலும் காரணம். பம்பு டீசலை இழுக்கும் பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை; காற்று உள்ளே போகும். அதனால் ஈரம் தெரியவில்லை என்று அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். ஏர் எடுக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். குமிழி நின்று தெளிந்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். முதல் பில்டர், இரண்டாம் பில்டர், பிறகு பம்பு என்ற வரிசையில் செய்யுங்கள். வண்டி கிளம்பினால் ஐயம் உறுதியாயிற்று. செம்பு வாஷர்களையும் வெடித்த ரப்பர்க் குழாயையும் மாற்றுங்கள்.

கொஞ்ச நேரம் ஓடி நின்று, ஆறவிட்டால் கிளம்புகிற வண்டிக்கு டாங்கி மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் டீசல் இறங்காது. அதுவும் இல்லையென்றால் தேய்ந்த டீசல் பம்பாக இருக்கலாம். அது பட்டறை வேலை.

ஒரு சிறு நோட்டு வையுங்கள்

கோளாறு வந்த தேதி, நேரம், எஞ்சின் சூடா குளிரா, மழை பெய்ததா, எத்தனை நாள் நின்றது, விளக்கு, சத்தம், புகை ஆகியவற்றை எழுதுங்கள். நாலைந்து முறை எழுதினால் ஒழுங்கு புலப்படும். மெக்கானிக்கிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.

மறக்கக் கூடாதவை

சக்கரத்தருகே நின்றுகொண்டு திருப்புளியால் செல்ப் முனைகளை இணைத்துக் கிளப்பும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறிவிடும். பாதுகாப்புச் சுவிட்சை நேரடியாக இணைத்துவிடுவதும் அதே ஆபத்துதான். பாட்டரி அருகில் பீடி, நெருப்பு வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது. இஞ்ஜெக்டர் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; கையை நீட்டாதீர்கள். செல்ப்பை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

இந்தச் சோதனைகளைத் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு வந்த பிறகு தொடங்க வேண்டாம். நாற்றங்கால் விதைக்கும் வாரத்திலேயே செய்துவிடுங்கள். சீர்செய்யப் பட்டறைக்குப் போனாலும் நடவுக்குள் வண்டி திரும்பிவிடும். திரும்பாவிட்டாலும், வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகை டிராக்டருக்கு முன்கூட்டிப் பதிய உங்களுக்கு நாள் இருக்கும். நாற்று முற்றாமல் வயலுக்குப் போகட்டும்.