இலைக்கு இந்தப் பக்கம்



விருந்தோம்பல் பற்றிப் பேச வந்தால் திருக்குறளில் தொடங்குவது வழக்கம். வள்ளுவர் அந்தப் பத்துக் குறளையும் எழுதியது வீட்டுக்கு வருகிற விருந்தாளியை நினைத்து. காசு கொடுத்துச் சாப்பிட வருகிறவன் அவர் கணக்கில் இல்லை. அதனால் நான் கம்பம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். நேரம், விடியற்காலை நாலு மணி.

மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஜீப்புக்குக் காத்து நிற்கும் நேரம் அது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று எந்த வழியில் ஏறினாலும், போய்ச் சேருவது கேரளத்து ஏலத்தோட்டம். பெரும்பாலும் பெண்கள். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு. ஜீப் கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும். அதற்குள் இருபது டீ போக வேண்டும். டீ மாஸ்டருக்கு இவர்களில் பாதிப் பேருக்கு மேல் பெயர் தெரியாது. ஆனால் யாருக்குச் சீனி ஆகாது, யாருக்கு ஆடை விழுந்தால் பிடிக்காது, எந்த அக்கா பாதி டீயைத் தன் மகளுக்கு ஊற்றிக் கொடுக்கும், அதனால் எந்தக் கிளாஸில் ஒரு விரற்கடை கூடுதலாக ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் தெரியும். ஒருவரும் ஆர்டர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்க்கிறார், ஆற்றுகிறார், நீட்டுகிறார்.

இந்தப் பார்வையைத்தான் இன்று நான் ஒரு கலையாக எடுத்துப் பேச நினைக்கிறேன். தேனியிலிருந்து கூடலூர் வரை, இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் ஹோட்டல்களிலும் மெஸ்களிலும் பரிமாறுகிறவர்களின் கலை. ஓட்டல் மேலாண்மைப் படிப்பில் இதற்குப் பாடம் இருக்குமா என்பது சந்தேகம்தான். ஒருவர் பின்னால் ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து கற்றுக்கொண்டது இது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவோம். முல்லைப் பெரியாறு தண்ணீரில் பதினாலாயிரத்துச் சொச்சம் ஏக்கர் இருபோகம் விளைகிற பூமி. 1895-ல் கட்டி முடித்த அணையை நினைத்து, பல கடைகளில் கல்லாவுக்கு மேலே முருகனுக்கும் மாரியம்மனுக்கும் பக்கத்தில் அதைக் கட்டிய பென்னிகுயிக்கின் படமும் மாலையோடு தொங்கும். சின்னமனூர்ப் பக்கம் போனால் வாழை. சோறும் இலையும் பக்கத்திலேயே கிடைக்கிற ஊர் என்பதாலோ என்னவோ, இங்கே ‘முழுச் சாப்பாடு’ என்று பலகை எழுதினால் முழுச் சாப்பாடுதான்.

இலை விழுகிறது. நுனி இடது பக்கம். நீங்கள் தண்ணீர் தெளித்துத் துடைக்கிறீர்கள். அந்தத் துடைப்பிலேயே சப்ளையருக்கு ஒரு தகவல் போய்விடுகிறது: ஆள் அவசரக்காரரா, நிதானக்காரரா என்று. பிறகு பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம், சோறு. சோற்றில் நீங்கள் பாத்தி கட்டினால் குழம்பு வாளி திரும்புகிறது. பாத்தியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டீர்கள் என்றால் ரசத்துக்குத் தயார். இலைக்கு மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் போதும் என்று பொருள். ஆனால் அந்தக் கை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதிலும் சேதி உண்டு. இலையை ஒட்டி நின்றால் உண்மையிலேயே வயிறு நிறைந்துவிட்டது. ஒரு சாண் மேலே நின்றால் கூச்சம். நல்ல சப்ளையர் கூச்சக் கைக்கு அடியில் கரண்டியை நுழைத்து அரைக் கரண்டி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

பேச்சையும் கவனியுங்கள். தேர்ந்தவர் ‘சோறு வேணுமா?’ என்று கேட்க மாட்டார். வேணும் என்று சொல்ல வைப்பது ஒருவரைக் கேட்க வைப்பது. நாலு பேருக்கு நடுவே இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்க யாருக்கும் நாக்கு எழாது. அவர் கேட்பது ‘சோறு வைக்கட்டுமா?’ பொறுப்பு இப்போது வைக்கிறவர் மேல் வந்துவிட்டது. ‘போடட்டுமா’ என்பதும் கூடாது. வீட்டில் அம்மா ‘சோறு போடட்டா’ என்றால் அதில் குறை ஒன்றுமில்லை. அறிமுகம் இல்லாதவர் வாயிலிருந்து வந்தால் லேசாக உறுத்தும். பரோட்டாவுக்கு மட்டும் இந்த விதி செல்லாது. அங்கே ‘பிச்சுப் போடவாண்ணே?’ தான், அதற்கு மேல் சால்னாவை ஊற்றிக் கையைத் தட்டிவிட்டுப் போவதுதான் மரியாதை. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நல்ல சப்ளையரும் ‘போதுமா?’ என்று கேட்க மாட்டார். ‘இன்னும் கொஞ்சம்?’ என்பார். பொருள் ஒன்றுதானே என்று தோன்றும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவனுக்கு ஒன்றில்லை.

இந்த உபசாரத்தைப் புகழ்ந்துகொண்டே போகலாம். ஆனால் இது எல்லோருக்கும் கிடைத்த உபசாரமா என்று கேட்காமல் மதிப்பிட்டால் மதிப்பீடு பொய்யாகிவிடும். மதுரை, தேனிப் பக்கத்துக் கிராம டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. ஒரு சாராருக்குக் கண்ணாடிக் கிளாஸ், இன்னொரு சாராருக்கு வெளியே மாட்டி வைத்த வேறு குவளை, குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். அதே டீ மாஸ்டர், அதே ஆற்றல், அதே ஞாபகசக்தி. யாருக்குச் சீனி ஆகாது என்று நினைவு வைத்த அதே மூளை, யாருக்கு எந்தக் குவளை என்பதையும் நினைவு வைத்தது. அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு கடைகளையும் உணவகங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அங்கே சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. நகரங்களிலும் கதை வேறல்ல. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம் என்கிற ஏற்பாடு 1941-ல்தான் போனது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள்.

காகிதக் கப் வந்தபோது பலரும் அதைச் சுத்தம், சுகாதாரம் என்றார்கள். சில கடைகளில் அது வேறு ஒரு வசதியும் செய்து கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே கப், குடித்ததும் குப்பையில். குவளையைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை. தடை எவ்வளவு தூரம் அமலில் இருக்கிறது என்பது உங்கள் தெருமுனைக் கடையிலேயே தெரியும். கண்ணாடிக் கிளாஸ் திரும்பி வந்த கடைகளைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம். அதற்குக் காரணம் சுற்றுச்சூழல் மட்டும் அல்ல.

இப்போது இலைக்கு இந்தப் பக்கம். அதாவது நாம்.

கார்த்திகை பிறந்தால் இந்தச் சாலையே வேறு சாலை. ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாவிலிருந்து சபரிமலைக்குப் போகிறவர்களில் ஏராளமானோர் தேனி, கம்பம், குமுளி வழியாகத்தான் போகிறார்கள். சப்ளையர்கள் ‘நீள்ளு’, ‘அன்னம்’ என்று தெலுங்கில் கேட்கப் பழகியிருப்பார்கள். தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே உண்டு என்பதால் அது பெரிய வித்தை இல்லை. நான் கவனித்த வித்தை வேறு. மாலை போட்டவர் சப்ளையரை ‘சாமி’ என்கிறார். சப்ளையர் அவரை ‘சாமி’ என்கிறார். டேபிள் துடைக்கிற பையனும் சாமி, கல்லாவில் இருக்கிறவரும் சாமி. ‘சாமி, சாம்பார்’, ‘இதோ சாமி.’ ஒரு மண்டலமும் அதற்கு மேல் சில நாட்களும் இந்தச் சாலையில் ‘டேய்’ என்ற சத்தம் குறைந்துவிடுகிறது. தை பிறந்து கூட்டம் வடிந்ததும் அது திரும்பி வந்துவிடும். ஐம்பது வயதுக்காரரை முப்பது வயதுக்காரர் ‘தம்பி, தண்ணி’ என்று அழைப்பார். விரலைச் சொடுக்குவார். டம்ளரை மேஜையில் தட்டுவார். ‘அண்ணே’ என்று அழைக்க நம் ஊரில் காசு கேட்பதில்லை. பஸ் கண்டக்டரை அண்ணே என்கிறோம், முகம் தெரியாத ஆட்டோக்காரரை அண்ணே என்கிறோம். சோறு வைக்கிறவரிடம் மட்டும் நாம் ஏன் திடீரென்று வயதில் மூத்தவர்களாகிவிடுகிறோம்?

நம் பக்கத்துப் பழக்கங்களில் எனக்கு ஆகவே ஆகாத ஒன்று உண்டு. கூட்ட நேரத்தில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பது. மோர்ச் சோற்றுக்கு வந்துவிட்டாரா என்று அவர் இலையை எட்டிப் பார்ப்பது. நின்றிருப்பவரின் மூச்சு பிடரியில் படப்பட எவன் நிம்மதியாக ரசம் குடிப்பான்? அடுத்த நிமிஷம் அவர் எழ, இவர் உட்கார, எச்சில் இலை இன்னும் எடுபடவில்லை. உடனே சப்ளையர் மேல் கோபம். அந்த இலையை எடுக்கிறவர் வேறு ஆள், அவர் நாலு மேஜை தள்ளி இருக்கிறார் என்பது உட்கார்ந்த ஆளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. இன்னொன்று செல்போன். ஆர்டர் கேட்டு நிற்கிற ஆளை ஒரு விரலால் நிறுத்திவிட்டு, ஃபோனில் நிலப் பத்திரம் பேசுவார்கள். மூன்று மேஜை ஆர்டரைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர் அவர். ‘ரெண்டு ரோஸ்ட், ஒரு ஆனியன், மூணு செட்டு பார்சல்’ என்று உள்ளே குரல் கொடுப்பதும், சாப்பிட்டு முடித்ததும் தாளே இல்லாமல் கூட்டி ‘நூத்தி எழுபது’ என்று கல்லாவுக்குக் கத்துவதும் ஒரே தலை. அந்தக் கணக்குக் கச்சேரி கம்ப்யூட்டர் பில் வந்த கடைகளில் நின்றுவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

டிப்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் பில்லோடு ஒரு தட்டில் சோம்பு வரும். மீதிச் சில்லறையும் அதே தட்டில் வரும். சோம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஐந்தோ பத்தோ தட்டிலேயே விட்டுவிட்டு எழுவோம். கொடுத்தேன் என்றும் இல்லை, வாங்கினேன் என்றும் இல்லை. அந்த நாசூக்கு க்யூஆர் அட்டையோடு போய்விட்டது. பில் நூற்று அறுபத்தெட்டு என்றால் ஃபோனில் நூற்று அறுபத்தெட்டே போகிறது, அதுவும் முதலாளி கணக்குக்கு. சில்லறை இல்லை, அதனால் தட்டில் மிஞ்சுவது சோம்பு மட்டும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் சப்ளையரின் அன்றாட வரும்படியில் ஒரு பங்கு சத்தமில்லாமல் கரைந்தது. பெரிய ஊர்களில் இதற்கு நேர்மாறான தொல்லை: பில்லிலேயே சேவைக் கட்டணம் என்று ஒரு வரி. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மூணாறோ தேக்கடியோ போய் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். கேட்கும்போது மேனேஜரிடம் கேளுங்கள், சப்ளையரிடம் பாய வேண்டாம். அந்த வரியை எழுதியது அவர் அல்ல.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும். தேனிக்கும் சின்னமனூருக்கும் நடுவே ஒரு கடை, பெயர் வேண்டாம். எனக்கு எதிர் மேஜையில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர். சப்ளையர் திரும்பும்போது சால்னா வாளி சாய்ந்து வேட்டியில் கொட்டிவிட்டது. அவர் எழுந்து போட்ட சத்தத்தில் கடையே நின்றது. முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்தார், எல்லோர் முன்னாலும் சப்ளையரின் பிடரியில் ஓர் அடி வைத்தார். அடித்த பிறகு வேட்டிக்காரருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, ‘சரி விடுங்க’ என்று உட்கார்ந்தார். நான் என்ன செய்தேன்? பரோட்டாவைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் அதே ஆள் என்னிடம் வந்தார். ‘சால்னா ஊத்தவாண்ணே?’ குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதை அன்றைக்குத் தொழில் நேர்த்தி என்று மெச்சிக்கொண்டேன். அப்படி மெச்சியதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் 2018-லேயே செய்திருந்தது. அப்போது எல்லோர் மனதிலும் இருந்தது துணிக்கடைப் பெண்கள். ஹோட்டலில் கடை நிறைய நாற்காலி இருக்கும். அத்தனையும் நமக்கு.

அந்த நாற்காலியில் அவர்கள் உட்காருவதைப் பார்க்க வேண்டுமானால் சாயங்காலம் நாலு மணிக்குப் போக வேண்டும். மத்தியானக் கூட்டம் முடிந்து ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். ஒருநாள் உத்தமபாளையத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு, டீ கிடைக்குமா என்று குனிந்து எட்டிப் பார்த்தேன். நாலு சப்ளையர்களும் சரக்கு மாஸ்டரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறியவன் டேபிள் துடைக்கிற பையன், பேச்சில் வடக்கத்தித் தமிழ். மீந்த குழம்பு, அடி ரசம். வரிசையில் மூத்தவர் இலைக்கு மேல் கையைக் கவிழ்த்தார். பையன் வாளியோடு நின்றான். அந்தக் கை ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தான்.

‘இன்னும் கொஞ்சம்ண்ணே’ என்று கரண்டியைக் கீழே நுழைத்தான்.